மறிக்கப்பட்ட வண்டி

2015ஆம் ஆண்டு டிசம்பரில், புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து ஒரு டாடா ஏஸ் வண்டியில் நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு கடலூர் மாவட்டத்துக்குப் புறப்பட்ட ஐந்து பேரில் நானும் ஒருவன். வண்டியில் 80 பைகள் இருந்தன. ஒவ்வொரு பையிலும் ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, எண்ணெய், பிஸ்கட், கொசுவத்திச் சுருள், தீப்பெட்டி, ஒரு போர்வை ஆகியவற்றை முதல் நாள் இரவு முழுவதும் உட்கார்ந்து நாங்களே கட்டி வைத்திருந்தோம். அவை குறிஞ்சிப்பாடி வட்டத்தில் பரவனாற்றை ஒட்டிய ஓர் இருளர் குடியிருப்புக்கானவை. அங்கே பாடம் நடத்தப் போய்வந்த ஆசிரியர் ஒருவர் 74 குடும்பங்களின் பெயர்களையும் ஒரு கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது.

குள்ளஞ்சாவடியைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் சாலையின் குறுக்கே ஒரு பனைமரத் துண்டு கிடந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்த மறுகணமே நாற்பது ஐம்பது பேர் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரும் எங்களை அடிக்கவில்லை. கத்தியோ தடியோ யாருடைய கையிலும் இல்லை. "எங்களுக்கும்தான் வீட்டுக்குள்ள தண்ணி, நாங்க மட்டும் மனுசங்க இல்லையா?" என்று ஒரு பெண் கேட்டார். நான் தாளை எடுத்துக் காட்டிப் பேசத் தொடங்குவதற்குள் பின்பக்கத் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். இருபது நிமிடங்களில் வண்டி காலியானது. ஓட்டு வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கி வந்த ஒருவர் மூன்று பைகளைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். ஒரே ஒரு பை கிடைத்த ஒரு மூதாட்டி திரும்பி வந்து, "வெறும் வண்டியோட போறீங்களே, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்கப்பா" என்று என் கையைப் பிடித்ததையும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் வெறுங்கையோடு அந்தக் குடியிருப்புக்குப் போனோம். கடைசி ஒரு கிலோமீட்டர் தூரத்தை முழங்கால் அளவுச் சேற்றில் நடந்துதான் கடக்க வேண்டியிருந்தது. குடிசைகள் இருந்த இடத்தில் மூங்கில் கம்புகள் மட்டும் நின்றன. ஒரு பெண் எங்களிடம் குறை சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. "நேத்து வண்டி வருதுன்னு வாத்தியார் சொன்னாரு, சார். புள்ளைங்க பொழுது சாயுற வரைக்கும் கரையில போயி உக்காந்திருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று சாலையில் நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அந்த வாரத்தில் நிவாரண வண்டிகளை வழிமறித்துப் பொருள்களை எடுத்துக்கொள்வது கடலூர் மாவட்டத்தின் பல சாலைகளில் நடந்தது; அதற்குப் பிறகு காவல்துறைப் பாதுகாப்போடு வண்டிகளை அனுப்ப வேண்டியதாயிற்று. செய்திகளும் வாட்ஸ்அப் குழுக்களும் அதைக் 'கொள்ளை' என்றே அழைத்தன. சட்டத்தின் சொல்லும் ஏறக்குறைய அதுதான். அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 391ஆம் பிரிவின்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வன்முறையாலோ மிரட்டலாலோ பொருளைப் பறித்தால் அது கூட்டுக்கொள்ளை; 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 310ஆம் பிரிவு. நாங்கள் ஐவரும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் எங்களுக்குக் கெடுதல் செய்ததாக நான் நினைத்ததில்லை. அந்த அரிசி எங்கள் கையை விட்டுப் போவதற்கென்றே வாங்கப்பட்டது. அவர்களும் பாதிக்கப்பட்டவர்களே, அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது என்பதில் ஐயமில்லை. அவர்கள் செய்த கெடுதல், அங்கே சாலையில் இல்லாதவர்களுக்கு, அங்கே என்ன நடந்தது என்பதே தெரியாமல் கரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குச் செய்த கெடுதல். ஆகவே பேரிடர்க் காலத்தில் ஒரு பொருள் எடுக்கப்பட்டது என்று கேள்விப்படும்போதெல்லாம், அது யாருடைய கையிலிருந்து போனது என்பதைக் காட்டிலும், யாருடைய வாய்க்கு எட்டாமல் போனது என்பதையே நான் முதலில் கேட்கிறேன். சட்டம் உடைமையாளரைத் தேடுகிறது. பசித்த நாளில் வரிசையின் கடைசியில் நிற்பவரையும் அறம் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் மாவட்டத்தின் ஊர்கள் அமைந்திருக்கும் விதமும் இதில் சேர்ந்திருக்கிறது. மேடான இடத்தில் சாலை. சாலையை ஒட்டி ஊர். அதற்குப் பின்னால் பள்ளத்தில் காலனி. அதற்கும் அப்பால் ஆற்றங்கரையிலோ ஏரிப் புறம்போக்கிலோ இருளர் குடிசைகள். பெருவெள்ளம் வரும்போது தண்ணீர் இந்த வரிசையின் கடைசியிலிருந்து தொடங்குகிறது, உதவியோ முதலிலிருந்து தொடங்குகிறது. சாலையோரத்தில் வீடு இருப்பதே அன்றைக்கு ஒரு சொத்து. அந்தச் சொத்து யாருக்குப் பரம்பரையாகக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமலே போனது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, நான் கடலூர் புதுப்பாளையத்தில் என் பெற்றோர் வீட்டில் இருந்தேன். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய காற்று அது. விடிந்து பார்த்தால் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை. வேப்பமரமும் தூங்குமூஞ்சி மரமும் தெருவின் இரு முனைகளையும் அடைத்துக் கிடந்தன. தெருமுனை மளிகைக் கடைக்காரர் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக விழுப்புரம் போயிருந்தார். கைபேசி எதுவும் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் மாலை, தெருவில் கைக்குழந்தை இருந்த மூன்று வீடுகளில் பால் பவுடர் தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை, தெருப் பெரியவர்கள் நான்கைந்து பேர் கூடிப் பேசி, கடையின் பூட்டை உடைத்தார்கள்.

நான் அங்கே இருந்தேன். எதிர்வீட்டுத் தையற்காரர் அளவு எழுதும் தம் நோட்டைக் கொண்டுவந்து, கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். யார் எதை எடுத்தாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 'இடுப்பு 32, உயரம் 40' என்று முந்தின வாரம் எழுதியிருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே 'அரிசி 3 கிலோ, ரவை அரைக் கிலோ, மெழுகுவத்தி 2' என்று எழுதினார். பால் பவுடரைக் குழந்தை இல்லாத வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று முதலிலேயே பேசி முடிவு செய்திருந்தார்கள். மெழுகுவத்தியை ஒரு வீட்டுக்கு இரண்டுக்கு மேல் தரவில்லை. அன்று கடையிலிருந்து எடுத்தவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

ஐந்தாம் நாள் கடைக்காரர் வந்தார். தையற்காரர் நோட்டைக் கொடுத்தார். கடைக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அரிசி போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பால் பவுடர எடுத்தது நல்லதாப் போச்சு" என்றுகூடச் சொன்னார். பிறகு கல்லாவைத் திறந்தார். அதில் அவர் விட்டுச் சென்றிருந்த பணம் இல்லை. அது பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் அங்கேயே, ஈரச் சாக்கின்மேல், நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார். நோட்டில் எழுதாமல் எடுத்தவர் எங்களில் ஒருவர்தான். அவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. பொருள்களுக்கான பணத்தை அடுத்த மாதத்துக்குள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். கல்லாப் பணத்தை ஈடுகட்டத் தெருவில் வசூல் செய்து கொடுத்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு கதவுக்கும் இரண்டு பூட்டுகள் போட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரே கதவு, ஒரே காலை, ஒரே கூட்டம். அரிசியை எடுத்ததும் பணத்தை எடுத்ததும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். அந்த நோட்டுதான் இரண்டையும் பிரிக்கிறது. உரிமையாளர் வரும்போது அவர் முகத்தைப் பார்த்து 'நான் எடுத்தேன்' என்று சொல்லத் தயாராக எடுத்தவர்கள் ஒருபுறம். அவர் வரமாட்டார், வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டார் என்ற கணக்கில் எடுத்தவர் மறுபுறம். என் அம்மா எடுத்த அரிசியைத் திருட்டு என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடியாது.

இந்த நியாயத்தை அரசும் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சுனாமிக்கு ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு, 2005 டிசம்பரில் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்கீழ், மீட்புப் பணிக்குத் தேவை என்றால் தனியாருடைய வண்டியையும் கட்டடத்தையும் பொருள்களையும் அதிகாரிகள் கையகப்படுத்தலாம்; 66ஆம் பிரிவின்படி கட்டடத்துக்கும் வண்டிக்கும் இழப்பீடு தர வேண்டும். அதாவது எடுப்பது, கணக்கு வைப்பது, பிறகு ஈடு செய்வது. எங்கள் தெருவின் தையற்காரர் சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் அரசு அதிகாரி எவரும் வந்து சேராத மூன்று நாள்களில் அவர் செய்தது ஏறக்குறைய இதுதான். அதிகாரிக்கு இருக்கும் இந்த உரிமை, அதிகாரி வராத தெருவில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு ஏட்டில் இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அதே தானே புயலுக்குப் பிறகு, பூட்டை உடைக்காமல், பட்டப்பகலில், கைகுலுக்கி நடந்த எடுப்பு ஒன்று இருந்தது. பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பலாமரம் ஒரு தலைமுறையின் உழைப்பு. தாத்தா நட்டதைப் பேரன் வெட்டிச் சாப்பிடுவான் என்று சொல்லிக்கொண்டே நடுவார்கள். என் சித்தப்பாவின் தோப்பில் பத்துக்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்தன. நான்காம் நாளே மர வியாபாரிகள் வந்துவிட்டார்கள். மின்சாரம் இல்லை, தோப்பில் இடமில்லை, கையில் காசில்லை, மரத்தை அகற்றக் கூலி கொடுக்கவும் வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். வீணையும் மிருதங்கமும் செய்யத் தகுந்த வைரம் பாய்ந்த பலாக்கட்டையை விறகு விலைக்குக் கேட்டார்கள். சித்தப்பா கொடுத்தார். "எடுத்துக்கிட்டுப் போனாப் போதும்னு இருக்குதுடா" என்றார். அந்த வியாபாரியின் மீது எந்தப் பிரிவும் பாயாது. விருப்பத்தோடு விற்றார், விருப்பத்தோடு வாங்கினார் என்று முடிந்துவிடும்.

மெழுகுவத்தியைப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் வாடகை கறந்தவர்களும் இந்த வகையைச் சேர்ந்தவர்களே. இடியாத வீட்டை இடிந்ததாக எழுதி நிவாரணத் தொகை வாங்குவது அதே 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி குற்றம். நிவாரணப் பணத்தையோ பொருளையோ பொறுப்பில் இருப்பவர் கையாடுவது 53ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டுக்கும் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இவற்றைச் செய்தவரை ஊரில் யாரும் கொள்ளைக்காரர் என்று சொல்வதில்லை. 'விவரமான ஆள்' என்றுதான் சொல்கிறோம். இந்தச் சொல்லை நாம் கைவிட வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. ஆனால் நீட்டி எழுதவும் எனக்கு மனமில்லை. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. தேவனாம்பட்டினத்துக்கு அன்று பிற்பகல் உடல்களைத் தூக்கப் போன இளைஞர்களில் என் நண்பரும் ஒருவர். ஒரு பெண்ணின் உடலைத் தூக்கியபோது, காது மடல் கிழிந்திருப்பதைப் பார்த்ததாகவும், அது அலை செய்ததா மனிதர் செய்ததா என்று இன்றுவரை தமக்குத் தெரியவில்லை என்றும் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். அதே இடத்தில், இன்னோர் உடலிலிருந்து தாலியைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, நான்கு நாள் தம் மடியிலேயே வைத்திருந்து, கணவரைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்படைத்த ஒரு மீனவப் பெண்ணைப் பற்றியும் அவர்தான் சொன்னார். இறந்தவரின் உடைமையை நேர்மையற்ற முறையில் எடுப்பதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. அந்த நகை யாருடைய பசியையும் உடனே தீர்க்கப் போவதில்லை. ஆனால் பிழைத்து நின்ற பிள்ளைக்கு அது தாயின் அடையாளமாகவும், அடுத்த சில மாதங்களின் சோறாகவும் இருந்திருக்கும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

இனித் திருட்டு பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை கடலூரின் ஆல்பேட்டை, பெரியகங்கணாங்குப்பம், குண்டுஉப்பலவாடிப் பகுதிகளுக்குள் புகுந்தது. மார்பளவுத் தண்ணீர் நின்ற ஒரு தெருவில், மொட்டை மாடியில் தனியாக இருந்த ஒரு பெரியவரைப் படகில் ஏறும்படி நாங்கள் அரை மணி நேரம் கெஞ்சினோம். "நான் ஏறிட்டா வீட்டுல இருக்குறத எவன் பாத்துக்குவான்? நீங்க போங்க தம்பி" என்று கடைசிவரை மறுத்துவிட்டார். இரவு முழுவதும் ஒரு குடையின் கீழ் அங்கேயே இருந்தார். நல்லவேளையாக உயிரோடு இருந்தார். ஆளில்லாத வீட்டில் மிக்ஸியையும் சிலிண்டரையும் தூக்குபவர் அந்தப் பொருளை மட்டும் எடுக்கவில்லை. தெருவிலுள்ள அத்தனை முதியவர்களையும் தண்ணீருக்குள்ளேயே கட்டிப்போடுகிறார்.

அந்தப் பயத்துக்கு வேறொரு முகமும் உண்டு. அதே வாரத்தில் பக்கத்துத் தெரு இளைஞர்கள் இரவுக் காவல் இருந்தார்கள். தோளில் சிலிண்டரோடு வந்த ஒருவரைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்துவிட்டார்கள். அது அவருடைய சிலிண்டர்தான். உள்ளே குடிசைப் பகுதியில் இருப்பவர், சமைக்க வழியின்றி உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். சிலிண்டரோடு நான் போயிருந்தால் என்னை அறைந்திருப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன். விடை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு கத்ரீனா புயலுக்குப் பிறகு வெளியான இரண்டு புகைப்படங்கள் நினைவுக்கு வந்தன. மார்பளவுத் தண்ணீரில் உணவோடு நடந்த கறுப்பின இளைஞரின் படத்துக்குக் கடையைச் சூறையாடிவிட்டு வருவதாகக் குறிப்பு. அதே நிலையில் இருந்த வெள்ளையர் இருவரின் படத்துக்கு ரொட்டியைக் கண்டெடுத்ததாகக் குறிப்பு. அங்கே சூறையாடலைத் தடுப்பதற்காக, உயிர்களைத் தேடிக்கொண்டிருந்த காவலர்களையே திருப்பி அனுப்பினார்கள். ஆயுதமில்லாத இருவர் ஒரு பாலத்தின்மேல் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

2024 டிசம்பரில் மீண்டும் ஒரு வண்டியை ஏற்றினோம். இந்த முறை ஊரின் கடைசிக் குடியிருப்பிலிருந்து இருவரை முன்கூட்டியே வரவழைத்து வண்டியிலேயே உட்கார வைத்தோம். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். சாலையோரத்து ஊர்களுக்கென்று தனியாக இருபது பைகளைக் கட்டி, அவற்றைத் திரும்பும்போது தருவது என்று முடிவு செய்துகொண்டோம். அப்படியும், தாழ்வான ஓரிடத்தில், ஈரச் சேலையோடு ஓர் அம்மா சாலையின் விளிம்புக்கு வந்து கையை நீட்டினார். அவரோடு ஒரு சிறுமியும் நின்றாள். பனைமரத் துண்டு எதுவும் அங்கே இல்லை. நிறுத்தச் சொல்லி அவர் கத்தவும் இல்லை. ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போகச் சொன்னேன். காலை ஒன்பது மணிக்கு அந்தப் பைகளோடு திரும்பி வந்தபோது, அந்த இடத்தில் வேறு சிலர் நின்றார்கள். அந்த அம்மாவைப் பற்றி விசாரித்தோம், யாருக்கும் தெரியவில்லை.